அம்புக்குறிக்கு வலப்பக்கம்

கரிம வேதியியல் தேர்வுத்தாளில் ஒரு வகைக் கேள்வி தவறாமல் வரும். இடப்பக்கம் ஒரு மூலக்கூறு. நடுவில் அம்புக்குறி. அம்புக்குறியின் தலைமேல் இன்னொரு பொருளின் பெயர், சில நேரம் கூடவே ஒரு வெப்பநிலை. வலப்பக்கம் காலி. என்ன கிடைக்கும் என்று வரைந்து காட்ட வேண்டும். இரண்டு மூன்று மதிப்பெண் சமாச்சாரம்தான். ஆனால் பெரிய பெரிய கணக்கையெல்லாம் அலட்சியமாகப் போட்டுவிடுகிற பிள்ளைகூட இந்த இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கடிக்க ஆரம்பித்துவிடும்.

நான் இருப்பது மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட். சனிக்கிழமை சாயங்காலங்களில் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் எஸ்டிபிஎம், அதாவது பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு, எழுதும் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தருகிறேன். மற்ற நாட்களில் ஈப்போ பக்கம் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் ரப்பர் பாலைச் சோதிக்கிற வேலை. ஒரு காலத்தில் ஊரைவிட்டு எந்தப் பக்கம் போனாலும் பால்மரம்; இப்போது பெரும்பாலும் செம்பனை. வகுப்புக்கு வருகிறவர்களில் பலருடைய பாட்டி, தாத்தா தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். பிள்ளைகளோ தாமானில், அதாவது வீடமைப்புக் குடியிருப்பில், பிறந்து வளர்ந்தவர்கள். மரத்தில் பால் பிடிக்கக் கட்டும் கிண்ணமான மங்கு என்றால் என்னவென்று கேட்கிறவர்களும் உண்டு.

இவர்கள் எல்லார் கையிலும் ஒரு தாள் இருக்கிறது. போட்டோஸ்டேட் கடையில் கிடைக்கும். ஆல்கேன், ஆல்கீன், ஆல்கஹால், ஆல்டிஹைடு, கார்பாக்சிலிக் அமிலம் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகப் போட்டு, குறுக்கும் நெடுக்குமாக அம்புக்குறி இழுத்து, எதில் எதை ஊற்றினால் எது வரும் என்று எழுதிய தாள். பிளாஸ்டிக் உறை போட்டு அறைச் சுவரில் ஒட்டி வைத்திருப்பார்கள். அதில் பிழை ஒன்றும் கிடையாது. ஆனாலும் எனக்கு அந்தத் தாளைக் கண்டால் ஆகாது. அதை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு, தாளில் உள்ள மூலக்கூறு வந்தால் உடனே விடை வரும். தாளில் இல்லாதது வந்தால் மணியடிக்கிற வரைக்கும் வராது. தேர்வுத்தாள் தயாரிப்பவரும் அதே தாளைப் பார்த்திருப்பார் இல்லையா? அதில் இல்லாததைத்தானே கேட்பார்.

அதனால் நான் எடுத்த எடுப்பில் தாளில் இல்லாத ஒன்றைக் கொடுப்பேன். ஐசோபிரீன். ரப்பர் என்கிற நீளச் சங்கிலி இந்த அளவுத் துண்டுகளால் ஆனதுதான். ஐந்து கார்பன், எட்டு ஹைட்ரஜன். நாலு கார்பன் வரிசையாக, ஐந்தாவது இரண்டாம் கார்பனிலிருந்து கிளையாக. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு, மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே இன்னொன்று. இதோடு ஹைட்ரஜன் புரோமைடு சேர்ந்தால் என்ன வரும்?

"டீச்சர், ரெண்டு டபுள் பாண்ட் இருக்கே. எதை உடைக்கிறது?" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன்.

நல்ல கேள்வி. பலர் இதைக் கேட்காமலேயே கைக்கு அகப்பட்டதை உடைத்துவிடுவார்கள்.

அவனைப் பலகைக்குக் கூப்பிட்டேன். இப்போதைக்கு எதையும் உடைக்க வேண்டாம், ஹைட்ரஜனை மட்டும் கொண்டுபோய் வை என்றேன். ஹைட்ரஜன் புரோமைடில் புரோமின் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஹைட்ரஜன் முனையில் எலக்ட்ரான் குறைச்சல். இரட்டைப் பிணைப்பிலோ எலக்ட்ரான் மிகுதி. ஆகவே முதலில் நடப்பது ஹைட்ரஜன் போய் ஒட்டுவது. ஒட்ட இடம் நாலு. நாலிலும் வைத்துப் பார், ஒவ்வொரு தடவையும் பக்கத்துக் கார்பனுக்கு என்ன ஆகிறது என்று பார்.

நாலு படம் வரைந்தான். இரண்டாம் கார்பனில் ஹைட்ரஜன் போனால், நேர்மின் சுமை முதல் கார்பனில், ஓரத்தில், துணையில்லாமல் நிற்கிறது. மூன்றாம் கார்பனில் போனால் நாலாம் கார்பனில், அதே நிலைமை. இந்த இரண்டையும் நான் சொல்லாமலே குறுக்குக் கோடு போட்டு அடித்தான். நாலாவதில் போனால் சுமை மூன்றாம் கார்பனில். பக்கத்தில் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் அது முதல் கார்பன் வரை பரவிக்கொள்ளலாம். பரவாயில்லை ரகம். முதலாவதில் போனால் சுமை இரண்டாம் கார்பனில். அங்கே இரண்டு பக்கம் மீத்தைல் (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்), மூன்றாவது பக்கம் இரட்டைப் பிணைப்பு. இரண்டாம் கார்பனும் நாலாம் கார்பனும் சுமையைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

"அப்போ இதுதான் டீச்சர்" என்று வட்டம் போட்டான்.

சரி, ஹைட்ரஜன் உட்கார்ந்தாகிவிட்டது. புரோமைடு எங்கே போகும்? இங்கேதான் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முன்வரிசைப் பெண்கள் இரண்டாம் கார்பன் என்றார்கள்: சுமையில் பெரும்பங்கு அங்கேதான் இருக்கிறது, புரோமைடும் கிட்டேதான் நிற்கிறது. பையன் நாலாம் கார்பன் என்றான்: அங்கே ஒட்டினால் மிஞ்சுகிற இரட்டைப் பிணைப்பு நடுவில் வந்து, மூன்று பக்கமும் கார்பன் சூழ, அதிக நிலைப்போடு இருக்கும். இரண்டு கட்சியும் சொன்னது சரி. இரண்டு விளைபொருளும் வரும். ஒன்று 3-புரோமோ-3-மீத்தைல்பியூட்-1-ஈன், மற்றது 1-புரோமோ-3-மீத்தைல்பியூட்-2-ஈன். எது முந்தும் என்பதை மூலக்கூறின் படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. வெப்பநிலை தெரிய வேண்டும்.

ஐசோபிரீனுக்கு மீத்தைல் கிளையில்லாத தம்பி ஒன்று உண்டு, பியூட்டாடையீன். அதற்கான கணக்கு அநேகமாக எல்லாப் பாடநூலிலும் இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி செல்சியஸில் ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்தால், கிட்டே ஒட்டிய பொருள் 80 விழுக்காடு, தள்ளி ஒட்டிய பொருள் 20. அதையே 40 டிகிரியில் செய்தால் கணக்கு அப்படியே புரண்டு 20-க்கு 80 ஆகிவிடும். குளிரில் சீக்கிரம் எங்கே ஒட்ட முடிகிறதோ அங்கே ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியது மறுபடி கழல்வதற்குச் சக்தி இல்லை. சூட்டில் ஒட்டுவதும் கழல்வதும் மாறி மாறி நடந்து, கடைசியில் எது அதிக நிலைப்புள்ளதோ அதில் போய்ச் சேர்கிறது. குளிரில் செய்த கலவையை அப்படியே 40 டிகிரிக்குச் சூடாக்கி வைத்தாலும் மெல்ல மெல்ல 20-க்கு 80 பக்கம் சாயும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகவும் பிடித்த இடம் இது. தொடங்கிய பொருளும் ஒன்று, சேர்த்த பொருளும் ஒன்று. அவசரத்தில் கிடைப்பது வேறு, ஆற அமர விட்டால் கிடைப்பது வேறு.

வெப்பநிலை கொடுக்காமல் "முதன்மை விளைபொருளை வரைக" என்று கேட்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். பயிற்சிப் புத்தகங்களில் இது நிறைய. "அறை வெப்பநிலை" என்று போட்டிருந்தால் ஏதோ கொஞ்சம் தேவலை. அறை வெப்பநிலை என்றால் 25 டிகிரியாம். ஏர்கோன் ஓடாத எங்கள் மாடியில் 25 டிகிரியை அடைமழை நாளில்தான் பார்க்கலாம். பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: வெப்பநிலை இல்லாவிட்டால் இரண்டையும் வரைந்து, எது எப்போது என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். மதிப்பெண் போடுகிறவர் மனமிருந்தால் போடட்டும்.

ஹைட்ரஜன் எங்கே போகும் என்பதற்கு ஒரு விதி உண்டே, அதைச் சொல்லிவிட்டால் போதாதா என்று கேட்பீர்கள். மார்கோவ்னிகோவ் விதி. எந்தக் கார்பனில் ஹைட்ரஜன் ஏற்கெனவே அதிகமோ, புதிய ஹைட்ரஜனும் அங்கேதான் போகும். ரஷ்யாவின் கசான் நகரத்தில் வேதியியல் படித்து வளர்ந்த விளாதிமிர் மார்கோவ்னிகோவ் 1870-இல் இதை வெளியிட்டார். அப்போது எலக்ட்ரான் என்ற ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது, ஜே.ஜே. தாம்சன் அதைக் கண்டுபிடித்தது 1897-இல். ஆகவே மார்கோவ்னிகோவ் எழுதியது காரணத்தை அல்ல, கண்டதை. அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை, நமக்குக் கிடைத்திருக்கிறது. அப்படியிருக்க நாம் ஏன் விதியை மட்டும் உருப்போட வேண்டும்? விதியை மட்டும் வைத்துக்கொண்டு ஐசோபிரீனிடம் போனால், நாலாம் கார்பனில் ஒட்டிய புரோமின் கண்ணிலேயே படாது.

விதியை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இன்னும் நல்ல சாட்சி சிகாகோவில் இருக்கிறது. மாரிஸ் கராஷ் என்ற பேராசிரியரும் ஃபிராங்க் மேயோ என்ற அவருடைய மாணவரும், மூன்று கார்பனும் ஓர் இரட்டைப் பிணைப்பும் உள்ள அல்லைல் புரோமைடோடு ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சமயம் விதிப்படி 1,2-டைபுரோமோபுரோப்பேன் வருகிறது, அதுவும் நாள்கணக்கில் மெதுவாக. இன்னொரு சமயம் விதிக்கு நேர்மாறாக 1,3-டைபுரோமோபுரோப்பேன் வருகிறது, சில மணி நேரத்திலேயே. அதே பொருள், அதே கண்ணாடிக் குடுவை. கடைசியில் பார்த்தால் குற்றவாளி காற்று. காற்றுப் பட்டு நாளான அல்லைல் புரோமைடில் துளி பெராக்சைடு உண்டாகியிருந்தது. அந்தத் துளி போதும். 1933-இல் இதை வெளியிட்டார்கள்.

பிள்ளைகள் இதை "மார்கோவ்னிகோவுக்கு எதிர்" என்று இன்னொரு விதியாக எழுதி வைத்துக்கொள்கிறார்கள். எதிரெல்லாம் ஒன்றுமில்லை. பெராக்சைடு இருந்தால் புரோமின் தனி அணுவாகப் பிரிந்து, ஹைட்ரஜனுக்கு முன்னாலேயே போய் ஒட்டிவிடுகிறது. முதலில் போகிறவர் எப்போதும் ஓரத்துக் கார்பனில்தான் ஒட்டுவார். அப்போதுதான் உள்ளே இருக்கும் கார்பன் மிச்சத்தைத் தாங்க முடியும். சாதாரணமாக முதலில் போவது ஹைட்ரஜன், இங்கே புரோமின். வரிசை மாறியது, நியாயம் மாறவில்லை. ஹைட்ரஜன் குளோரைடில் இது நடக்காது, அங்கே ஹைட்ரஜனுக்கும் குளோரினுக்கும் நடுவே உள்ள பிணைப்பு அறுக்க முடியாத அளவு வலுவானது. ஹைட்ரஜன் அயோடைடிலும் நடக்காது, அயோடின் அணு ஒட்டினாலும் நிற்காது. புரோமினுக்கு மட்டும் இரண்டும் ஒத்துவருகிறது.

இதே கராஷ்தான் பிறகு போர்க்காலத்தில் அமெரிக்காவின் செயற்கை ரப்பர் ஆராய்ச்சியில் வேலை செய்தார். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் விழுந்து மலாயா முழுக்க ஜப்பான்காரன் கைக்குப் போனதும், நேச நாடுகளுக்கு நம் பக்கத்து ரப்பர் வரத்து நின்றுபோனது. பியூட்டாடையீனையும் ஸ்டைரீனையும் வைத்து அவர்கள் ரப்பர் செய்துகொண்டார்கள். அந்த நேரத்தில் இங்கே தோட்டங்களில் என்ன நடந்தது, யார் யாரை எங்கே இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது தனிக்கதை. ஜப்பான்காரன் ஆட்களைப் பிடித்துப்போய்ப் போடவைத்த சயாம் ரயில் பாதை என்று சொன்னால் இந்த ஊரில் விளக்கம் தேவைப்படாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

ரப்பருக்கே வருகிறேன். இடப்பக்கத்தைக் கொடுத்து வலப்பக்கத்தைக் கேட்பது ஒரு வகை. வலப்பக்கத்தைக் கொடுத்து இடப்பக்கத்தைக் கேட்பது இன்னொரு வகை, அதுதான் கஷ்டம். அதில் மாட்டிக்கொண்ட பெரியவர்களின் கதை ரப்பருடையது.

எங்கள் ஊரிலிருந்து கோலகங்சார் பக்கம்தான். 1877-இல் பிரேசில் விதையில் முளைத்து, இங்கிலாந்து, இலங்கை, சிங்கப்பூர் என்று சுற்றி வந்த நாற்றுகளில் ஒன்பது அங்கே நடப்பட்டன. அவற்றில் ஒன்று இன்னமும் மாவட்ட அலுவலகம் பக்கத்தில் வேலி கட்டி நிற்கிறது. அந்த நாற்று இங்கே வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1826-இல், மைக்கேல் ஃபாரடே ரப்பரில் ஐந்து கார்பனுக்கு எட்டு ஹைட்ரஜன் என்ற விகிதத்தைக் கண்டுசொல்லிவிட்டார். 1860-இல் கிரெவில் வில்லியம்ஸ் ரப்பரைக் காய்ச்சி வடித்து ஐசோபிரீனைப் பிரித்தெடுத்தார். துண்டு தெரிந்துவிட்டது. துண்டுகள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பது மட்டும் தெரியவில்லை.

ஜெர்மனியில் கார்ல் ஹாரிஸ் ஓசோனைக் கையில் எடுத்தார். ஓசோன், இரட்டைப் பிணைப்பு எங்கே இருக்கிறதோ சரியாக அங்கே வெட்டும். வெட்டிய இரண்டு முனையிலும் ஓர் ஆக்சிஜனை வைத்துவிட்டுப் போகும். 1904, 1905 வாக்கில் ரப்பரை இப்படி வெட்டியதில் அவருக்குக் கிடைத்த முக்கியமான துண்டு ஒன்றே ஒன்று: லெவுலினால்டிஹைடு. ஐந்து கார்பன், ஒரு முனையில் ஆல்டிஹைடு, மறு முனைக்கு ஒரு கார்பன் உள்ளே கீட்டோன்.

வகுப்பில் இதை வாயால் சொல்வதில்லை. தாளை நீளவாக்கில் வைத்து ஐந்தாறு ஐசோபிரீன் துண்டுகளை வரிசையாகக் கோத்து வரையச் சொல்லி, கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவேன். இரட்டைப் பிணைப்பு உள்ள இடத்திலெல்லாம் வெட்டு. மேசைமேல் விழுகிற துண்டுகளைப் பார்த்தால், இரண்டு கடைசி முனைகளைத் தவிர எல்லாம் ஒரே அச்சு. கவனித்தால் இன்னொன்று தெரியும்: வெட்டி விழுந்த துண்டு, கோத்த துண்டு அல்ல. ஓர் ஐசோபிரீனின் வாலும் அடுத்த ஐசோபிரீனின் தலையும் சேர்ந்து ஒரு துண்டாக வந்திருக்கும். அப்புறம் வேண்டுமென்றே ஒன்றிரண்டு ஐசோபிரீனைத் திருப்பிப் போட்டுக் கோக்கச் சொல்வேன், தலையோடு தலை, வாலோடு வால். இப்போது வெட்டினால் லெவுலினால்டிஹைடோடு வேறு இரண்டும் விழும். ஒன்று இரு முனையிலும் ஆல்டிஹைடு உள்ள நாலு கார்பன் துண்டு, மற்றது ஹெக்சேன்-2,5-டையோன். ஹாரிஸுக்கு அப்படிக் கிடைக்கவில்லை. ஆகவே ரப்பரில் எல்லாத் துண்டும் ஒரே திசை பார்த்துக் கோத்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். இதுவரை ஹாரிஸ் சரி.

அதற்கு மேல் அவர் ஒரு படி போனார். இரண்டு ஐசோபிரீன் சேர்ந்து எட்டுக் கார்பன் வளையம், அந்தச் சின்ன வளையங்கள் பல ஏதோ ஓர் ஈர்ப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன, அதுதான் ரப்பர் என்றார். அந்த வளையத்தை வெட்டினாலும் லெவுலினால்டிஹைடு இரண்டுதான் வரும், வேறொன்றும் வராது. இதை வரைந்து முடித்ததும் ஒரு பெண் சொன்னாள்: "அம்மா பூக்கட்டுவாங்க டீச்சர். ஒவ்வொரு பூவுக்கும் நடுவுல நூலை வெட்டிட்டா, அது சரமா இருந்துச்சா, ரெண்டு முனையையும் முடிச்சுப் போட்ட மாலையா இருந்துச்சான்னு எப்படித் தெரியும்?" தெரியாது. ஹாரிஸுக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட ஒரே மூலக்கூறு இருக்க முடியும் என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆகவே அவர் மாலைப் பக்கம் சாய்ந்தார்.

சரத்தின் பக்கம் நின்றவர் ஹெர்மன் ஸ்டாடிங்கர். 1920-இல் நீளச் சங்கிலி என்று எழுதினார். 1922-இல் அவரும் அவரோடு வேலை செய்தவரும் ரப்பருக்கு ஹைட்ரஜன் ஊட்டிப் பார்த்தார்கள். யோசனை எளிமையானது. வளையங்களை ஒட்டவைப்பது இரட்டைப் பிணைப்புகளின் ஈர்ப்புதான் என்றால், ஹைட்ரஜன் சேர்த்து இரட்டைப் பிணைப்பையே இல்லாமல் செய்துவிட்டால் வளையங்கள் பிரிந்து, காய்ச்சி வடிக்கக்கூடிய சின்ன எண்ணெயாக வர வேண்டும். வரவில்லை. ஹைட்ரஜன் ஏறிய ரப்பரும் முன்போலவே வடியாமல், கரைத்தால் கொழகொழவென்று, பெரிய உருவத்தோடேயே இருந்தது. அப்படியும் மற்றவர்கள் ஒத்துக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆயின. நோபல் பரிசு 1953-இல்தான் வந்தது. ஹாரிஸ் 1923-இலேயே இறந்துபோயிருந்தார்.

ஹாரிஸின் கத்தி சொல்லாமல் விட்டது இன்னொன்றும் உண்டு. நம் காட்டில் தாபான் மரம் இருக்கிறது. அதன் பாலில் கிடைப்பது கட்டாபெர்ச்சா. அதுவும் இதே ஐசோபிரீன், இதே வரிசை, இதே திசை. இரட்டைப் பிணைப்பின் இரண்டு பக்கமும் சங்கிலி ஒரே புறமாகப் போனால் ரப்பர், எதிரெதிர்ப் புறமாகப் போனால் கட்டாபெர்ச்சா. ஒன்று இழுத்தால் நீளும், மற்றது சாதாரணச் சூட்டில் கட்டையாக விறைத்து நிற்கும். ஓசோனால் வெட்டினால் இரண்டிலிருந்தும் லெவுலினால்டிஹைடுதான். புறம் எது என்று சொல்ல வேண்டிய இரட்டைப் பிணைப்பையே வெட்டி எறிந்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது? கட்டாபெர்ச்சாவைத் தந்திக் கம்பிக்கு உறையாகப் போட்டுப் பணம் பார்த்தவர்களில் வெர்னர் ஃபான் சீமென்ஸ் முக்கியமானவர். ஹாரிஸ் அவருக்கு மாப்பிள்ளை. மாமனாருக்குச் சோறு போட்ட பாலுக்கும் தான் வெட்டிப் பார்த்த பாலுக்கும் இவ்வளவு நெருக்கம். தாபான் மரங்கள்தான் பாவம். கடலடித் தந்திக்காக இந்தப் பக்கத்துக் காடுகளில் அவற்றைச் சாய்த்துத் தள்ளினார்கள்.

சரி, மனுஷர் வெட்டிய கதை போதும். பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வீட்டுவேலைகளில் ஒன்று இது: தோட்டத்தில் வெட்டிய பாலைக் கொண்டுவந்து சேர்க்கும் பால் ஸ்டோரில் ரப்பர் பாலில் பார்மிக் அமிலம் ஊற்றுகிறார்கள், விளைபொருள் என்ன? வீட்டில் பாட்டி இருந்தால் கேட்டு வரலாம் என்று சலுகையும் கொடுப்பேன். ஒருத்தி கேட்டு வந்தாள். "ஆசிட் ஊத்தினா பால் கட்டிக்கும், அதுக்கு என்னடி எழுதுறதுன்னு பாட்டி சிரிக்கிறாங்க டீச்சர்." மற்றவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். ரப்பரின் இரட்டைப் பிணைப்பில் அமிலத்தைச் சேர்த்தவர்கள், எஸ்டர் செய்தவர்கள், தண்ணீரை வெளியேற்றியவர்கள்.

விடை பாட்டி சொன்னதுதான். ரப்பர் மூலக்கூறுக்கு ஒன்றும் ஆவதில்லை. பாலில் ரப்பர் நுண்துளிகளாக மிதக்கிறது. துளியைச் சுற்றிப் புரதமும் பாஸ்போலிப்பிடும் சேர்ந்த ஒரு படலம், அதன்மேல் எதிர்மின் சுமை. எல்லாத் துளிக்கும் ஒரே சுமை என்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. அமிலம் அந்தச் சுமையைச் சமன் செய்துவிடுகிறது, துளிகள் ஒட்டிக்கொள்கின்றன. கார்பன் சங்கிலியில் ஒரு பிணைப்பும் அறுபடவில்லை, ஒன்றும் புதிதாக உண்டாகவில்லை. "வினை இல்லை" என்று எழுதுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். கேள்வி கேட்டிருக்கிறார்களே, ஏதாவது வந்தாக வேண்டுமே என்ற எண்ணம் பிள்ளைகளை ஆட்டிவைக்கிறது. கேள்வித்தாளுக்குக் காட்டும் மரியாதை அதிகமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

அமிலம் ஊற்றாமல் மங்கிலேயே விட்டாலும் பால் கட்டித்தான் போகும். அதுதான் கட்டிப்பால். அங்கே அமிலத்தைத் தயாரிப்பது பாக்டீரியா. பாலில் உள்ள சர்க்கரை, புரதம் போன்றவற்றைத் தின்று அசிட்டிக், புரோப்பியானிக், பியூட்டிரிக் அமிலங்களை விடுகின்றன. கட்டிப்பால் லாரி கடந்து போனால் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோமே, அந்த நாற்றத்தில் இவற்றின் பங்கு பெரிது. என் வேலையில் பாதி இவற்றை அளப்பதுதான். பாலைக் கட்டவைத்து, பிரிந்த நீரில் கந்தக அமிலம் சேர்த்து, நீராவியில் வடித்து, வடிந்ததைப் பேரியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்ப்போம். எண் ஏறியிருந்தால் அந்தப் பாலில் யாரோ, கெடாமலிருக்கப் போடும் அமோனியாவைப் போடத் தாமதித்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். யாரும் எழுதிக் கேட்காத விளைபொருள், எந்த அம்புக்குறியிலும் இல்லாதது. தொழிற்சாலையில் பாலைத் திருப்பி அனுப்பச் செய்வது அதுதான்.

ஹாரிஸின் வினையையும் ஊருக்குள்ளேயே பார்க்கலாம். அதே போட்டோஸ்டேட் கடை. பழைய மெஷின் ஓடும்போது ஒரு வாடை வருமே, அது ஓசோன். மெஷின் பக்கத்து அலமாரியில் தாள்கட்டை இறுக்கிக் கட்டிய ரப்பர் பேண்டை எடுத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். இழுத்த திசைக்குக் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் தெரியும். இழுபடாமல் டப்பாவில் கிடக்கும் ரப்பர் பேண்டில் அந்த வெடிப்பு வராது. ஓசோன் இரண்டையும்தான் தொடுகிறது. இழுபட்டுக் கிடப்பதில் வெட்டுப்பட்ட இடம் பிளந்துகொண்டு உள்ளே இருக்கும் புது ரப்பரைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கையோடு செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு, அவற்றைப் பிள்ளைகள் சலிப்போடுதான் செய்கிறார்கள். வரைந்து முடித்ததும் கார்பனை எண்ணு. இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் இருக்கிறதா பார். செம்பனை எண்ணெயில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் சோப்பு என்று எல்லாரும் எழுதுவார்கள், எண்ணெய் மூலக்கூறின் முதுகெலும்பாக இருந்த மூன்று கார்பனை அப்படியே தொலைத்துவிடுவார்கள். எண்ணிப் பார்த்திருந்தால் கிளிசரால் கண்ணில் பட்டிருக்கும். வேறு என்ன சொல்ல, எண்ணுவதற்கு மூளைகூட வேண்டாம்.

போன வாரம் கொடுத்த கேள்வி இது: ஐசோபிரீன் இரண்டு, வேறு எதுவும் இல்லை, மூடிய குடுவையில் சூடு மட்டும். ரப்பர் என்று எழுதியவர்களை உட்காரச் சொன்னேன். பின்வரிசைப் பையன் ஆறு கார்பன் வளையம் வரைந்து காட்டினான். ஒன்று நாலு கார்பனையும் கொடுக்கிறது, மற்றது ஓர் இரட்டைப் பிணைப்பை மட்டும் கொடுக்கிறது, இந்த வகை வினைக்குப் பெயர் டீல்ஸ்-ஆல்டர். டைபென்டீன் என்றான். எலுமிச்சைத் தோலில் வாசனை கொடுக்கிற லிமோனீனும் இதே மூலக்கூறுதான், ரப்பரைக் காய்ச்சி வடித்தாலும் ஐசோபிரீனோடு கூடவே வரும். சரியான விடை. ஆனால் முன்வரிசைப் பெண்கள் விடவில்லை. இரட்டைப் பிணைப்பைக் கொடுக்கிற ஐசோபிரீன் தன்னிடமுள்ள இரண்டில் எதைக் கொடுக்கும்? கொடுத்தது எந்தப் பக்கமாகத் திரும்பி நின்று சேரும்? இரண்டுக்கு இரண்டு, நாலு படம் வருகிறதே, டைபென்டீன் மட்டும்தான் என்று யார் சொன்னது என்று கேட்டார்கள். அவன் பலகையில் நாலையும் வரைந்துவிட்டு, எதை அடிப்பது என்று தெரியாமல் மார்க்கரோடு நின்றான். ஒன்றையும் அடிக்க வேண்டாம், நாலும் வரும், எது அதிகம் என்று மட்டும் அடுத்த சனிக்கிழமைக்குள் யோசித்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். படி இறங்கும்போதும் தகராறு ஓயவில்லை. கீழே மாமாக் கடையில் தே தாரேக் சொல்லிவிட்டு, ரசீதின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தார்கள்.